ரோமாபுரியில் இளையவன் பங்கு

ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் கிரீடம், ஒரு ராத்திரிக்கு ஏழரை ரூபாய்.

சிரிக்க வேண்டாம். விலை சரிதான். பாதி உலகத்தைக் கட்டி ஆண்டவன் தலையில் இருந்த சமாச்சாரத்தை வடலூர் பரமசிவம் அந்த விலைக்குத்தான் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். செங்கோலும் சேர்த்து எடுத்தால் ஒன்பது. நாலு கிரீடமாக எடுத்தால் ஒரு தாடி இலவசம்.

பரமசிவம் யார் என்றால், பதினேழாம் பிளாக்கில் தமயந்தி இருக்கிறாளே, அவளுடைய பெரியப்பா. அவள் சொல்லித்தான் இது வெளியே வந்தது. அவர் வாயைத் திறக்க மாட்டார். யாராவது கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். வாயால் வியாபாரம் பண்ணிப் பிழைத்த மனுஷன், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஊமை.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த ஓரத்தில் இருப்பவர் இருட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டாம்... காரணம் போகப் போகத் தெரியும்.

எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருஷம். மாசி மாதம். விளக்கு வைத்த நேரம். பரமசிவம் சைக்கிள் கேரியரில் தகரப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வடலூரிலிருந்து டவுன்ஷிப்புக்கு வந்துகொண்டிருந்தார். மெயின் ரோட்டை விட்டுவிட்டு நிலக்கரி மைன்ஸ் வேலியை ஒட்டிய குறுக்கு வழியைப் பிடித்தார். செகண்ட் ஷிப்ட் பஸ் போய் வெகு நேரமாகிவிட்டது. ரோட்டில் ஈ காக்கை இல்லை. ஒரு பக்கம் முந்திரிக் காடு. இன்னொரு பக்கம் கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. ஊரே உள்ளே போகிற அளவுக்குப் பள்ளம். அடியில் எங்கேயோ பம்பு ஓடுகிற சத்தம்... கன்வேயர் உருள்கிற சத்தம்... ஈர விறகைப் புதைத்துப் புகைய விட்டது போல ஒரு வாசனை.

பெட்டிக்குள் நாலு கிரீடமும் ஒன்றோடொன்று இடித்துச் சரசரத்தன. அவர் மனசும் அப்படித்தான் நிலைகொள்ளாமல் இடித்துக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். அன்றைய நாடகத்தில் சக்கரவர்த்தி வேஷம் கட்டுகிறவன் சிங்காரவேல். ஆலடிக்கொல்லைக்காரன். ஆலடிக்கொல்லை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாம். அந்த வேலிக்கு அந்தப் பக்கம், அந்தரத்தில் இருக்கிறது. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொதுவான நிலம் மைன்ஸுக்குப் போனது. அண்ணன் சிங்காரவேலுக்கு பெர்மனன்ட் வேலை. வந்த பணத்துக்கு வடலூரில் கிணற்றோடு ஒரு மனை வாங்கினான். மனை இரண்டு பேருக்கும் என்று பேச்சு. பேச்சு பேச்சாகவே இருந்தது. தம்பி பாவாடை கான்ட்ராக்ட்டில் மண் சுமந்தான். போன ஐப்பசி மழையில், பள்ளம் தங்கள் பழைய கிணற்றுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று யாரோ சொல்ல, எத்தனை பேர் தடுத்தும் கேட்காமல் வேலியை நுழைந்து பார்க்கப் போனான். கரை சரிந்தது. ஒரு செருப்பு கிடைத்தது. உடம்பு கிடைக்கவில்லை.

பாவாடையின் பெண்சாதி கனகம் மனையில் பாதி கேட்டாள். அப்போதே பிரித்துக் கொடுத்தாகிவிட்டது, தம்பி தன் பங்கை விற்றுக் குடித்துவிட்டான் என்று சிங்காரவேல் சொன்னான். பஞ்சாயத்து கூடியது. மறுநாள் காலையில் மாரியம்மன் கோயிலில் சிங்காரவேல் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நம் பரமசிவம்.

மனை வாங்கிய நாளில் பரமசிவம் கூடவே இருந்தவர். பங்கு பிரிக்கவில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நாடகக் கமிட்டியில் சிங்காரவேல் சொன்னால் சொன்னதுதான். ஒரு வார்த்தை சொன்னால், அடுத்த வருஷம் முழுக்க எந்த நாடகம் போட்டாலும் உடுப்பு, கிரீடம், தாடி எல்லாம் பரமசிவம் கடையில். கொள்முதல் விலை இல்லாத சரக்கு, ஒரு பொய். இதைவிட நல்ல வியாபாரம் ஏது? அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மிதித்தார்.

வேலியில் கம்பி பிரிந்திருந்த இடத்தில் ஒரு ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

கோவணம் மட்டும். உடம்பெல்லாம் சேறு. தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பம்பு வேலை முடிந்து ஏறி வந்த கான்ட்ராக்ட் ஆள் போலிருக்கிறது என்று பரமசிவம் நினைத்தார். சைக்கிள் டைனமோ வெளிச்சம் பட்டபோது இடுப்பில் கறுப்புக் கயிறும், அதில் ஒரு செம்புத் தாயத்தும் மின்னின. முகம் சேற்றில் தெரியவில்லை.

"நாடகத்துக்கா போறீங்க?"

"ஆமாப்பா."

"பொட்டியில என்னாங்க?"

"ராஜா கிரீடம். நாலு."

சொட்... சொட்... என்று தண்ணீர் விழும் சத்தம் மட்டும்.

"எனக்கு ஒண்ணு?"

பரமசிவத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏழரை ரூபா வெச்சிருக்கியா?"

"இல்லீங்க."

"அப்போ பனையோலையில ஒண்ணு முடைஞ்சு எடுத்துட்டு வா. என் சரக்குல ஒண்ணை மாத்திக் குடுக்குறேன்."

"நெசமாவா?"

"வடலூர் பரமசிவம் வாக்குப்பா. ஒண்ணுக்கு ஒண்ணு. பேச்சு மாறமாட்டேன்."

"சரிங்க," என்றான் அவன். அவ்வளவு பணிவாகச் சொன்னான்.

சைக்கிளை மிதித்தார். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் ஒரு சத்தம். சளக்... சர்ர்ர். சளக்... சர்ர்ர். ஒரு காலை ஊன்றி மறு காலை இழுத்துக்கொண்டு ஈரத்தில் நடக்கிற சத்தம். அவர் வேகமாக மிதித்தார். சத்தமும் வேகமாக வந்தது... டவுன்ஷிப் டியூப்லைட் வெளிச்சம் கண்ணில் பட்ட பிறகுதான் நின்றது. திரும்பிப் பார்த்தாரா என்றால், இல்லை. வியாபாரிக்குத் தெரியும், வேண்டாத சரக்கைத் தொட்டுப் பார்க்கக் கூடாது என்று.

நாடகத்தை எழுதியவர் சங்கரலிங்கம். மைன்ஸ் ஆபீசில் வரைபடம் போடுகிறவர். திருநெல்வேலிப் பக்கம். சரித்திரப் பைத்தியம். ஏழு குன்றுக்கு நடுவில் கிடந்த ஒரு கிராமம், பக்கத்து ஊரை விழுங்கி, அதற்குப் பக்கத்து ஊரை விழுங்கி, கடலையே நடுமுற்றத்துக் கிணறு மாதிரி ஆக்கிக்கொண்டு ரோமாபுரி சாம்ராஜ்யம் ஆன கதை. கடைசியில் ஒருவனால் கட்டி மேய்க்க முடியாமல், டயோக்ளீசியன் என்ற சக்கரவர்த்தி அதை நாலாகப் பிரித்து, தான் ஒரு பங்கும் மற்ற மூன்று பேருக்கு ஒவ்வொரு பங்குமாக வைக்கிறான். பிறகு எல்லாம் வெறுத்து, முடியைத் துறந்து, முட்டைக்கோசு பயிரிடப் போய்விடுகிறான். சத்தியமாகச் சரித்திரத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். ஒத்திகையில் இந்த இடம் வந்தபோதெல்லாம் சுற்றி நின்ற நிலம் கொடுத்த ஊர்க்காரர்கள், "கோசு போட நெலம் வேணுமே ராஜா!" என்று கத்திச் சிரித்தார்கள்.

ஒத்திகையில் சண்டை வந்தது பங்கு பிரிக்கிற காட்சியில்தான். நாலு பித்தளைத் தட்டில் நாலு குவியல் செம்மண். கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு. சக்கரவர்த்தி பெயர் சொல்லிச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று சங்கரலிங்கம் எழுதியிருந்தார்.

"அது செல்லாதுங்க," என்றான் சிங்காரவேல். "மூத்தவன் பிரிக்கணும். இளையவன் வந்து மொதல்ல எடுக்கணும். அப்பதான் மூத்தவன் சமமா பிரிப்பான். எங்க ஊர்ல அப்பிடிதான்."

"வே, இது ரோமாபுரிவே! ஒம்ம ஊரா?"

"எந்த ஊரா இருந்தா என்னாங்க, அண்ணன் தம்பி அண்ணன் தம்பிதான. நம்ம சனம் ஏத்துக்காது."

"ஒம்ம ஊர் எங்கவே இருக்கு இப்போ?"

சிங்காரவேல் வேலி இருக்கிற திசையைப் பார்த்தான். சங்கரலிங்கம் பேனாவை எடுத்து வசனத்தை மாற்றிவிட்டார். சக்கரவர்த்தி மூன்று தரம் 'இளையவனே' என்று கூப்பிட, சின்ன ராஜாவாக நடிக்கும் மாடசாமி இடது பக்கமிருந்து வந்து முதல் தட்டை எடுக்க வேண்டும்.

வேடிக்கையைப் பாருங்கள். தன் வீட்டில் ஒரு தரம்கூடக் கூப்பிடாதவன், ரோமாபுரிக்காக அடம் பிடித்து வாங்கிக்கொண்டான்.

நாடகம் தொடங்கும் முன் உடுப்பு மாற்றுகிற தட்டிக்குள் சிங்காரவேல் பரமசிவத்தின் காதருகே வந்தான். முகத்தில் ரோஸ் பவுடர், மீசையில் பசை.

"அண்ணாச்சி, காலையில மறந்துடாதீங்க. நான் சூடத்தை அணைச்சதும் நீங்க ஒரு வார்த்தை. 'குடுத்தாரு, நான் பாத்தேன்.' அவ்ளோதான்."

"உன் தம்பி பொஞ்சாதி முன்வரிசையில உக்காந்திருக்காளே?"

"உக்காரட்டும். நாளைக்கும் அவ முன்னாடிதான நிக்கப்போறோம்? அவன் இருந்தா வந்து கேக்கட்டும். இல்லாதவனுக்கு என்னா பங்கு?"

பரமசிவம் கிரீடத்தை அவன் தலையில் பொருத்தினார். கிரீடம் ஒரு நூல் பெரிதாக இருந்தது. உள்ளே பேப்பர் மடித்து வைத்தார்.

கூட்டம் நெரிந்தது. முதல் காட்சியிலிருந்தே கைதட்டல். ரோமாபுரி ஊர் ஊராக விழுங்கியது. குதிரை இல்லாத குதிரைப்படை வந்து போனது. பரமசிவம் சைடு படுதாவுக்குப் பின்னால் நின்று நாடகம் பார்க்கவில்லை, கிரீடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பழக்கம் அது. எந்த ராஜா செத்தாலும் கிரீடம் கீழே விழுந்து நசுங்காமல் சாக வேண்டும் என்பதே அவர் கவலை.

பங்கு பிரிக்கிற காட்சி வந்தது.

நாலு தட்டு. நாலு குவியல் செம்மண். சிங்காரவேல் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தான். அவனுக்கு நல்ல குரல். மைக்கே வேண்டாம்.

"இளையவனே!"

கூட்டம் அடங்கியது.

"இளையவனே, உன் பங்கை வந்து எடு!"

மாடசாமி இடது பக்கத்தில் தயாராக நின்றான். மூன்றாவது தரம் கூப்பிட்டதும் வர வேண்டும்.

சிங்காரவேலுக்குக் கைதட்டல் போதவில்லை போலிருக்கிறது. வசனத்தில் இல்லாததைச் சேர்த்தான். "எங்கிருந்தாலும் வா இளையவனே! மண்ணுக்குள் இருந்தாலும் வா!"

கைதட்டல் எழுந்து... பாதியில் நின்றது.

இந்த ஊரில் கரண்டு போகாது. மாநிலத்துக்கே வெளிச்சம் கொடுக்கிற இடம். அன்றும் போகவில்லை. மங்கியது. டியூப்லைட் எல்லாம் ஒரு மாதிரி மஞ்சளாகி, 'ங்ங்ங்' என்று முனகின. ஈர மண் வாசனை வந்தது. மழை பெய்த மண் இல்லை... வெகு நாளாக வெயில் படாத மண்.

வலது பக்கமிருந்து சத்தம். சளக்... சர்ர்ர்.

பரமசிவம் நின்றிருந்ததும் வலது பக்கம்தான். அவர் தோளை உரசிக்கொண்டு ஒருவன் மேடைக்குப் போனான். உரசிய இடம் ஐஸ் வைத்தது போலிருந்தது. அவர் கண் பழக்கதோஷத்தில் தலைக்குத்தான் போனது. அவனும் கிரீடம் வைத்திருந்தான். பனையோலைக் கிரீடம். பச்சை ஓலை. சின்னப் பிள்ளைகள் ராஜா விளையாட்டுக்கு முடைவார்களே, அது.

முதலில் பரமசிவத்துக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. போட்டிக்கு உடுப்பு வாடகை விடும் குறிஞ்சிப்பாடிக் கடைக்காரன் தன் ஆளை உள்ளே விட்டுவிட்டானோ என்று நினைத்தார். மேடையில் எண்ணினார். இடது ஓரத்தில் நின்ற மாடசாமியோடு நாலு, ஓலையோடு ஐந்து. மறுபடி எண்ணினார். ஐந்து. அதற்குப் பிறகுதான் படுதாவைப் பிடித்துக்கொண்டார்.

வந்தவன் தட்டுகளைப் பார்த்தான். முதல் தட்டு, வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினான். இரண்டாவது. மூன்றாவது. ஒன்றையும் எடுக்கவில்லை. காலை இழுத்து இழுத்து நடந்து, சக்கரவர்த்திக்கென்று வைத்த நாலாவது தட்டுக்கு முன்னால் போய் நின்றான். குனிந்து ஒரு விரலை அந்த மண்ணில் வைத்தான்.

மண்ணுக்குள் தண்ணீர் ஊறியது. குபுகுபுவென்று, கிணற்றில் ஊற்று உடைகிற மாதிரி. தட்டு நிரம்பி வழிந்து பலகையில் ஓடியது.

"அண்ணே..." என்றான். மைக்கில் விழாத குரல். ஆனால் கடைசி வரிசைக்கும் கேட்டது. "கூப்புட்டியே. எதுண்ணே என்னுது?"

முன்வரிசையில் கனகம் எழுந்து நின்றுவிட்டாள். "அவரு நடை..." என்று மட்டும் சொன்னாள். பக்கத்தில் இருந்த பெண்கள் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அவள் உட்காரவில்லை.

சிங்காரவேலின் முகத்தில் ரோஸ் பவுடருக்கு மேலே வேர்வை கோடு கோடாக இறங்கியது. பிறகு இரண்டு கையாலும் தலையில் இருந்த கிரீடத்தை எடுத்தான். மெதுவாக, தண்ணீர்க் குடத்தை இறக்குகிற மாதிரி. எடுத்து அந்த ஓலைத் தலையில் வைத்தான். ஓலைக் கிரீடம் நழுவிச் சிங்காரவேல் கையில் விழுந்தது. வந்தவன் அண்ணனை ஒரு தரம் பார்த்தான். திரும்பி, ரோமாபுரி அரண்மனை வரைந்த பின்படுதாவை நோக்கி நடந்தான். சளக்... சர்ர்ர். அங்கே வழி கிடையாது. படுதாவுக்குப் பின்னால் சுவர். படுதா அசையவில்லை. நடை மட்டும் நிற்காமல் கேட்டது... தள்ளி... இன்னும் தள்ளி... கீழே.

டியூப்லைட் பளிச்சென்று எரிந்தது. கூட்டம் கைதட்டியது. பாதிப் பேருக்கு அது நாடகம்தான். தண்ணீர் வரவழைத்த தந்திரம் எப்படி என்று மறுநாள் வரை சங்கரலிங்கத்தைக் கேட்டார்கள்.

மாடசாமி ஓடி வந்தான். "அண்ணே, நான் வர்றதுக்குள்ள அது யாருண்ணே?"

சிங்காரவேல் அவனைப் பார்க்கவில்லை. மேடை முன்னால் வந்து தன் கடைசி வசனத்தைச் சொன்னான். சங்கரலிங்கம் செந்தமிழில் எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு, "எனக்கு ராஜ்யம் வேணாம். நான் போறேன்," என்றான். அன்றைக்கு 'நெலம் வேணுமே ராஜா' என்று ஒருவரும் கத்தவில்லை.

நாடகம் முடிந்து மாடசாமி கிரீடங்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுக் கொடுத்தான். பரமசிவம் தன் ஆயுளில் முதல் தடவையாக எண்ணாமல் பூட்டினார். திரும்பும்போது குறுக்கு வழியில் போகவில்லை. விடிகிறவரை பஸ் ஸ்டாண்டில், வெளிச்சத்துக்குக் கீழே, பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

காலையில் மாரியம்மன் கோயில். பஞ்சாயத்தார் கூடினார்கள். கனகம் தூணோரம் நின்றாள். பரமசிவம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சாட்சி சொல்லும் கை எதுவென்று அவருக்கே தெரியக் கூடாது என்பது போல. சூடம் கொளுத்தினார்கள். சிங்காரவேல் வந்தான். காதோரம் ரோஸ் பவுடர் இன்னும் ஒட்டியிருந்தது.

அவன் கையை நீட்டவில்லை. சூடம் எரிந்து எரிந்து, தானாக அடங்கிக் கறுப்பு வட்டமாகிற வரை பார்த்துக்கொண்டு நின்றான். அதன் பிறகு கனகத்தைப் பார்த்து, "வாம்மா," என்றான்.

ஊரே பின்னால் போனது. வடலூர் மனையில் சிங்காரவேல் ஒரு குச்சியால் நடுவில் கோடு கிழித்தான். கோணல் இல்லாத கோடு. கிழித்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

"நான் பிரிச்சுட்டேன். நீ எடுத்துக்க."

கனகம் கிணறு இருக்கிற பக்கத்தில் போய் நின்றாள். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

பரமசிவத்தை யாரும் சாட்சி கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? தமயந்தி ஒரு தரம் கேட்டுப் பார்த்தாள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அன்று மத்தியானம், நல்ல வெயிலில், நடுவாசலில் வைத்து அவர் பெட்டியைத் திறந்தார். பெட்டிக்கு அடியில் விரற்கடை தண்ணீர் நின்றது. தகரம் பழுதில்லை, மூடியும் இறுக்கம். மூன்று தங்கப் பேப்பர் கிரீடம் ஊறிப்போய்க் கிடந்தன. சக்கரவர்த்தியின் கிரீடம் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் பனையோலைக் கிரீடம். வெட்டி ஒரு நாழிகைகூட ஆகாத பச்சை.

கையில் எடுத்துத் திருப்பினார். ஓலை பிரியாமல் இருக்க, உட்பக்கம் வட்டமாக ஒரு கறுப்புக் கயிறு கோத்திருந்தது. அரைஞாண் கயிறு. உயிர் போன பிறகு அறுத்து எடுப்பார்களே, அது. இந்தக் கயிறு அறுபடவில்லை. முடிச்சு அவிழவும் இல்லை. அதில் ஒரு செம்புத் தாயத்து.

ஒண்ணுக்கு ஒண்ணு. அவர் சொன்ன வாக்குதான்.

எண்ணினார். போனது நாலு. வந்தது நாலு. கணக்கு நேர்.